தவளையும் ஓர் ஆல்ரவுண்டரும்

பச்சை மையில் எழுதினால் நம்மூரில் கெஜட்டட் ஆபீசர். 1950-களில் கேப்டவுனிலிருந்து பச்சை மையில் கடிதம் எழுதிய கிரிக்கெட் வீரர் பேசில் டி ஒலிவேராவோ, நியூலாண்ட்ஸ் மைதானத்தில் தனியாக ஒதுக்கிய மூலையில் உட்கார்ந்துதான் மேட்ச் பார்க்க வேண்டும். எத்தனை சதம் அடித்தாலும் தென்னாப்பிரிக்க அணியில் இடம் கிடையாது. அரசாங்கப் பதிவேட்டில் அவர் ‘கலர்டு’. கறுப்பிலும் சேர்க்காமல் வெள்ளையிலும் சேர்க்காமல் ஆட்களைப் போட்டுவைக்க அவர்கள் கண்டுபிடித்த டப்பா அது!

கடிதம் போய்ச் சேர்ந்தது பிபிசி வர்ணனையாளர் ஜான் ஆர்லட்டுக்கு. மனிதர் முன்னாள் போலீஸ்காரர். நடுவில் வானொலியில் கவிதை நிகழ்ச்சி வேறு நடத்தியவர். (என்ன காம்பினேஷன்!) தென்னாப்பிரிக்கா போனபோது, குடியேற்றப் படிவத்தில் ‘இனம்’ என்ற இடத்தில் ‘மனிதன்’ என்று எழுதிக்கொடுத்தாராம். படிவத்தை வாங்கிய அதிகாரியின் முகத்தைக் கற்பனை செய்துகொள்ளுங்கள்.

ஆர்லட் புண்ணியத்தில் 1960-ல் லங்காஷைரின் மிடில்டன் கிளப்பில் வேலை, சீசனுக்கு 450 பவுண்டு. வயதைக் கேட்டார்கள். நம் ஆள் கூசாமல் சில வருடங்களை விழுங்கினார். சினிமா கதாநாயகர்கள் செய்யாததா? 1966-ல் இங்கிலாந்து அணிக்கே ஆடிவிட்டார்.

1968 ஆகஸ்ட், ஓவல் மைதானம், எதிரே ஆஸ்திரேலியா. டி ஒலிவேரா 31 ரன்னில் இருந்தபோது விக்கெட் கீப்பர் ஜார்மன் கேட்சைக் கோட்டைவிட்டார். டி ஒலிவேரா 158 அடித்தார். அடுத்த டூர் எங்கே? தென்னாப்பிரிக்காவுக்கு! ‘எனக்கு டூர் வேண்டாம்’ என்று சொல்லிவிட்டால் ஆண்டுக்கு 4,000 பவுண்டில் கோச் வேலை தருவதாக ஓர் ஆள் ஏற்கெனவே ஆசை காட்டியிருந்தார். இவர் மசியவில்லை.

ஆனால் டூருக்கு இங்கிலாந்து அணியைத் தேர்ந்தெடுத்த எம்.சி.சி. கனவான்கள் இருக்கிறார்களே... 158 அடித்தவரை அணியில் எடுக்கவில்லை! அவரை பேட்ஸ்மேனாக மட்டுமே பார்த்தார்களாம், ஆல்ரவுண்டராக இல்லையாம். ஊரே கொதித்தது. சில வாரங்களில் டாம் கார்ட்ரைட்டுக்குக் காயம். அவர் இடத்துக்கு டி ஒலிவேரா. கார்ட்ரைட் யார் தெரியுமா? பௌலர்!

இனி, தன் வாயால் கெடும் தவளையின் என்ட்ரி. தென்னாப்பிரிக்கப் பிரதமர் ஃபோர்ஸ்டர் வாயைத் திறக்காமல் இருந்திருந்தால், விஷயம் ஸ்கோர் போர்டோடு போயிருக்கும். புளூம்ஃபோன்டைனில் சொந்தக் கட்சிக்காரர்கள் எதிரே மைக்கைப் பார்த்ததும் சும்மா இருக்க முடியவில்லை. இது எம்.சி.சி. அணியே அல்ல, நிறவெறி எதிர்ப்பாளர்களின் அணி என்று முழங்கினார். கைதட்டல் கூரையைப் பிய்த்தது. ஒரே வாரத்தில் டூர் ரத்து. நிறவெறியை எதிர்த்தவர்கள் வருடக்கணக்கில் தொண்டை வறளக் கத்தியும் கிடைக்காத விளம்பரத்தை, பிரதமரே இலவசமாகக் கொடுத்துவிட்டார்!

அடுத்த வருடம் கேம்பிரிட்ஜ் யூனியனில் பட்டிமன்றம்: விளையாட்டில் அரசியல் குறுக்கே வரலாமா? (நடுவர் சாலமன் பாப்பையா இல்லை, அதுதான் குறை.) ‘வரக்கூடாது’ என்ற கட்சியை எதிர்த்து ஆர்லட் பேசினார், ஜெயித்தார். 1970-ல் தென்னாப்பிரிக்க அணியின் இங்கிலாந்து டூரும் ரத்து.

அதன்பின் தென்னாப்பிரிக்கா டெஸ்ட் ஆட 1992 வரை காத்திருந்தது. பேட்டிங் மேதை பாரி ரிச்சர்ட்ஸ் ஆடியது மொத்தமே 4 டெஸ்ட். இன்று இங்கிலாந்தும் தென்னாப்பிரிக்காவும் டெஸ்ட் தொடரில் மோதுவது ஒரு கோப்பைக்காக. அதன் பெயர், பேசில் டி ஒலிவேரா கோப்பை.