ஒரே எண்ணெய், ஊருக்கொரு சட்டம்

கேள்வி: பாசிர் கூடாங்கில் கப்பலேறும் நம் செம்பனை எண்ணெய்க்கு நாட்டுக்கு நாடு ஏன் வெவ்வேறு சட்டம்?
– வாசகி, ஜொகூர் பாரு

பதில்: எண்ணெய் ஒன்றுதான் அம்மா, அதில் ஒவ்வொரு நாடும் தன் வடையைச் சுடப் பார்க்கிறது! சுத்திகரிக்காத எண்ணெய் வெளியே போனால் மலேசியா ஏற்றுமதி வரி போடும். ஆலை வேலை பாசிர் கூடாங்கிலேயே தங்க வேண்டும் என்பது கணக்கு. இந்தியாவோ சுத்திகரித்த எண்ணெய்க்கு இறக்குமதி வரியைக் கூட்டி வைக்கிறது. அதே கணக்குதான், ஆலை மட்டும் அக்கரையில். காஷ்மீர் விவகாரத்தில் அன்றைய மலேசியப் பிரதமர் மகாதீர் இந்தியாவைக் குறை சொன்ன பின், 2020 ஜனவரியில் அந்த இறக்குமதிக்கே டில்லி கட்டுப்பாடு விதித்தது. மேடைச் சூடு வாணலி வரை வந்துவிட்டது.

ஐரோப்பிய ஒன்றியம் காடழிப்பைச் சொல்லிச் செம்பனை எரிபொருளை ஒதுக்கியது. அதை எதிர்த்து மலேசியா 2021-இல் உலக வணிக அமைப்பிடம் போனது. சுற்றுச்சூழலுக்காகச் சட்டம் போட ஐரோப்பாவுக்கு உரிமை உண்டு, அதைச் செயல்படுத்திய விதத்தில் பாரபட்சம் உண்டு என்றது 2024 மார்ச் தீர்ப்பு. எனக்கு இது நியாயமாகவே படுகிறது. என் கவலையெல்லாம் குளுவாங் பக்கத்துச் சிறுதோட்டக்காரரைப் பற்றித்தான். காட்டில் ஒரு மரத்தையும் வெட்டாதவர், வெட்டவில்லை என்று ஐரோப்பாவுக்குக் காட்டத் தாள் தேடி அலைய வேண்டியிருக்கிறது.