சாம்பிள் சார்

அவருடைய சொந்தப் பெயரைச் சொல்லி விசாரித்தால் எங்கள் தெருவில் யாருக்கும் தெரியாது. சாம்பிள் சார் வீடு என்று கேளுங்கள், பால்காரர் வண்டியை நிறுத்தி வழி சொல்வார். அந்த வீட்டில் கேட்டிலிருந்து வாசற்படி வரைக்கும் 22 அடி நீளம், 4 அடி அகலம், ஆக 88 சதுர அடி மண்தரை. அதன்மேல் என்ன போடலாம் என்று அவர் யோசிக்க ஆரம்பித்து ஏழு வருஷம் ஆகிறது. 'அதுவரைக்கும் இருக்கட்டும்' என்று அன்றைக்கு வைத்த ஒன்பது செங்கல்மேல்தான் இன்றும் போகிறவர் வருகிறவர் எல்லாரும் தாண்டுகிறோம். அதில் நடை பழகிய அவர் பேத்தி பள்ளிக்கூடத்தில் நீளம் தாண்டுவதில் முதல் பரிசு வாங்கியிருக்கிறாள்.

ஊருக்கு ஊர் இப்படி ஒருத்தர் உண்டு. சிலருக்கு மிக்சி, சிலருக்கு மகனின் ஜாதகம். இவருக்கு வாசல்.

கருவூலத்தில் பில் பார்த்து ஓய்வு பெற்றவர். எந்தப் பில்லாவது முதல் தடவையிலேயே சரியாக இருந்தால் அதில் என்னவோ இருக்கிறது என்று சந்தேகப்படுவது அந்த நாற்காலியின் குணம். ஓய்வுக்குப் பிறகு பில் வருவது நின்றது, கல் வர ஆரம்பித்தது. திண்ணை முழுக்கத் துண்டுக் கற்கள். ஒவ்வொன்றின் முதுகிலும் ஒரு சீட்டு: கடை, விலை, தேதி, ஆட்சேபணை. கடப்பா கல்லுக்கு: 'கருப்பு. சித்திரை வெயிலில் கால் பொத்தும்.' கோட்டா கல்லுக்கு: 'ராஜஸ்தான் சரக்கு. பாலிஷ் போட்டால் மழையில் வழுக்கும், போடாவிட்டால் அழுக்கு ஏறும்.' பார்க்கிங் டைல்ஸுக்கு: 'தட்டினால் சில இடத்தில் டொக்கு.' சிமெண்ட் தளத்துக்குச் சாம்பிள் கிடையாது, சீட்டு மட்டும் உண்டு: 'வெடிக்கும்.'

ஒருமுறை காஷ்மீர் ஒயிட் என்கிற கிரானைட்டில் மனசு இறங்கிவிட்டது. முன்பணம் கொடுக்கப் பையில் கைவிட்ட நேரத்தில், அது மதுரைப் பக்கம் வெட்டுகிற கல் என்று கடைப் பையன் வாய்தவறிச் சொல்லிவிட்டான். கை வெளியே வந்தது. பணம் வரவில்லை. "பொறந்த ஊரையே மறைக்கிற கல்லை எப்படித் தம்பி வாசல்ல சேர்க்கறது?" என்றார் என்னிடம்.

அவருடைய நீண்ட காதல் பேவர் பிளாக்கோடுதான். ஐ.எஸ். 15658 என்று அதற்கான இந்தியத் தர எண்ணைச் சம்பந்தி வீட்டு போன் நம்பர் மாதிரிச் சொல்வார். 60 மில்லிமீட்டர் கனமா, 80-ஆ என்பதில் இரண்டு வருஷம் போயிற்று. ஆள் நடக்க 60 போதும், வண்டி ஏறினால் 80 என்றார் கடைக்காரர். எதிர்காலத்தில் பேரன் கார் வாங்கினால் என்ன செய்வது? கேட்டே நாலடி, கார் எப்படி உள்ளே வரும் என்று கேட்டேன். அன்றிலிருந்து ஆறு மாதம் கேட் சாம்பிள் பார்த்தார்.

பேவரை அவர் விரும்பக் காரணம் உண்டு. இடுக்கு வழியாக மழைத்தண்ணீர் மண்ணுக்குள் இறங்கும். 2003-இல் அரசு மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கியபோது, தெருவில் பாதிப் பேர் ஒரு குழாயை மண்ணில் செருகிவிட்டுக் கணக்குக் காட்டினோம். அவர் நிஜமாகவே குழி தோண்டி, கூழாங்கல்லும் மணலும் நிரப்பினார். கோடையில் நாங்கள் குடத்தோடு போய் நிற்பது அவர் கிணற்றடியில்தான். அதனால் வாசலைப் பற்றி அவரை ரொம்பக் கிண்டல் செய்யவும் முடியாது.

பேவர் விழுந்தது வீட்டம்மாவின் ஒரே கேள்வியில். ஜிக்ஜாக் கட்டையை முற்றத்தில் நாலு வரிசை அடுக்கிக் காட்டினார். அந்த அம்மா கோலப்பொடியை எடுத்து ஏழு புள்ளி வைத்துப் பார்த்தார். "என் புள்ளி விழற இடத்துலயெல்லாம் உங்க பள்ளம் விழுது" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார். ஐ.எஸ். 15658-ல் இதற்குப் பதில் இல்லை.

வெளியே போனாலும் அவர் கண் தரையில்தான். பெரிய கோயில்களில் பிராகாரத்துக் கல் சுடாமல் இருக்க நடைவழியில் தேங்காய்நார் விரிப்புப் போட்டிருப்பார்களே, அதைப் பார்த்துவிட்டு, "மலையையே பேர்த்து வந்து பாவினாங்க, கடைசியில காலைக் காப்பாத்தினது தேங்கா மட்டை" என்றார். சாமி கும்பிட்டாரா என்று தெரியவில்லை. பக்கத்துத் தெருவில் ஒரு பெரியவர் தவறிப்போனபோது இருவரும் துக்கம் கேட்கப் போனோம். வாசலில் தலைகுனிந்து வெகுநேரம் நின்றார். பிறகு தாங்கமாட்டாதவர் போல அப்படியே குந்திவிட்டார். இறந்தவரின் மகன் அழுதுகொண்டே ஓடிவந்து தோளைப் பிடித்துத் தூக்கினான். திரும்பும்போது என் காதில் சொன்னார்: "ஓரத்துக்குக் கட்டே கட்டலை. பந்தி கலையற மாதிரி கல்லு கலைஞ்சு போச்சு. பாவம்." பாவம் யாருக்கு என்று நான் கேட்கவில்லை.

எரிச்சல் என்னவென்றால், அவர் சொல்வது சரியாக இருக்கும். என் வீட்டு வாசலுக்குச் சொரசொரப்பான கிரானைட் போடச் சொன்னதும் அவர்தான். கொத்தனார் முன்னால் சட்டைப்பையிலிருந்து கோலிக்குண்டு எடுத்து உருட்டிப் பார்த்து, "பத்தடிக்கு ஒன்றரை அங்குலம் வாட்டம் வேணும், பிரிச்சுப் போடுங்க" என்றார். கொத்தனார் முறைத்தார், பிரித்துப் போட்டார். இன்றுவரை என் வாசலில் ஒரு சொட்டுத் தண்ணீர் நின்றதில்லை. இந்தத் தெருவில் பதினோரு வாசல் அவர் கைராசி. பன்னிரண்டாவது வாசலில் செங்கல்.

போன வருஷம் ஒருவழியாகக் கொத்தனாருக்கு நாள் குறித்தார். அதே வாரம் தெருவில் ரோடு போட்டார்கள். பழையதைச் சுரண்டாமல் மேலேயே போட்டதில் ரோடு அரையடி உயர்ந்து, அவர் வாசல் பள்ளமாயிற்று. "ரோடு இன்னும் எவ்வளவு வளரும்னு தெரியாம நான் எந்த லெவல்ல கல்லு போடறது?" என்றார். இதற்கு யாரிடம் பதில் இருக்கிறது? கொத்தனார் டீ குடித்துவிட்டுப் போனார்.

இந்தத் தீபாவளிக்குப் பலகாரத் தட்டோடு அவர் வீட்டுக்குப் போனேன். நல்ல மழை. "மூணாவது செங்கல் ஆடும், பார்த்து!" என்று திண்ணையிலிருந்து குரல் வந்தது. குரல் வந்த நேரத்தில் நான் மூன்றாவது செங்கலில்தான் இருந்தேன். முறுக்கைக் காப்பாற்றினேன், காலைக் காப்பாற்ற முடியவில்லை. முழங்கால் வரை சேறு. அவர் பதறிப்போய்ச் சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து தானே என் காலில் ஊற்றினார். பாதம் வெளுத்த பிறகும் ஊற்றிக்கொண்டே இருந்தார். போதும் சார் என்றேன்.

"கொஞ்சம் அசையாம நில்லுங்க தம்பி" என்றார், என் குதிகாலிலிருந்து ஓடும் தண்ணீரையே பார்த்துக்கொண்டு. "கிழக்கால போகுது பாத்தீங்களா? நான் இத்தனை நாளா வடக்காலன்னு நினைச்சுட்டிருந்தேன்."