மேற்காலயோ, கிழக்காலயோ?

போன கிழமை விடியப்புறம் மூன்று மணிக்கு ரொறன்ரோ அத்தான் கோல் எடுத்தார். அந்த நேரத்தில் போன் அடித்தால், யாரோ போய்விட்டார்கள் என்று நினைத்துத்தான் ஊரில் நாங்கள் எழும்புவோம். ஒருவரும் போகவில்லை. அத்தானும் அக்காவும்தான் போகப்போகிறார்களாம். கப்பலில், உலகத்தைச் சுற்றி, நாலு மாதம். "தம்பி, மேற்காலயும் ஒரு கப்பல் போகுது, கிழக்காலயும் ஒண்டு போகுது. எதில போறது? நீ கடலுக்க பிறந்தவன், உனக்குத் தெரியும்."

நான் ஊர்காவற்றுறை ஆஸ்பத்திரியில் பிறந்தவன். கடலுக்குள் பிறக்கிறது மீன். அத்தானும் புங்குடுதீவுக்காரர்தான். ஆனால் பிளேன் ஏறிய அன்றோடு காற்று, நீரோட்டம், அமாவாசை எல்லாவற்றையும் எங்கள் தலையில் கட்டிவிட்டுப் போனவர்.

இப்படிக் கேட்கிறவர்களைப் பற்றி உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. மேற்கு என்றால், "ஏன், கிழக்குக்கு என்ன குறை?" என்பார்கள். கிழக்கு என்றால், "லண்டன் மச்சான் மேற்கெண்டல்லோ சொன்னவர்" என்பார்கள். லண்டன் மச்சான் தேம்ஸ் நதியில் ஒருதரம் படகில் போனவர். பேசாமல் இருந்தாலோ, "அவனுக்கு எடுப்பு" என்று அக்கா குறை சொல்லுவா. ஆகவே எந்தப் பக்கம் போவது என்பதை இதிலேயே தீர்த்துச் சொல்லிவிடுகிறேன். முதலில் சூலம் பார்க்க வேண்டும்.

வெள்ளியும் ஞாயிறும் மேற்கே சூலம். திங்களும் சனியும் கிழக்கே. இதெல்லாம் படலையைத் திறந்துகொண்டு சந்தைக்குப் போகிற ஆளுக்கு எழுதியது. நாலு மாதம் மேற்கையே பார்த்துக்கொண்டு போகிற கப்பலுக்கு முப்பதுக்கு மேற்பட்ட சூல நாட்கள் வரும். அன்றைக்கெல்லாம் கப்டன் நடுப் பசிபிக்கில் நங்கூரம் போட்டுவிட்டு நிற்பதா? பரிகாரம் இருக்கிறதுதான். மேற்குச் சூலத்துக்கு வெல்லம். எங்கள் பக்கத்தில் பனங்கட்டி. ஆளுக்கொரு குட்டான் வீதம் இரண்டாயிரம் பயணிகளுக்குக் கணக்குப் பாருங்கள். கிழக்கு என்றால் தயிர், அதுவும் நாலு மாதத் தயிர்.

இன்னொரு சிக்கலும் உண்டு. மேற்கே போகிறவன் கடைசியில் கிழக்குப் பக்கத்தால்தான் வீட்டுக்கு வந்து சேருகிறான். வழியில் எங்கேயும் திரும்புவதில்லை. அப்படியென்றால் எந்த இடத்தில் மேற்குச் சூலம் முடிந்து கிழக்குச் சூலம் தொடங்குகிறது? கொக்குவில் வாக்கிய பஞ்சாங்கமும் மட்டுவில் திருக்கணிதமும் வருடப்பிறப்பு நேரத்திலேயே ஒத்துப்போகிறதில்லை. இதை யாரிடம் போய்க் கேட்பது?

மேற்கே போகும் கப்பலில் 15 பாகைக்கு ஒருதரம் மணிக்கூட்டை ஒரு மணித்தியாலம் பின்னுக்குத் தள்ளுவார்கள். அன்றைய நாளுக்கு 25 மணித்தியாலம். கிழக்கே போனால் 23. கப்பல் பயணத்தில் பழகினவர்கள் மேற்கை விரும்புவதற்கு இதுவும் ஒரு காரணம்: வேண்டிய அளவு நித்திரை கொள்ளலாம். இராகுகாலமும் சேர்ந்து நீளுமா என்பதைப் பற்றி மட்டும் ஒருவரும் மூச்சு விடுவதில்லை.

அதோடு பசிபிக்கின் நடுவில் திகதிக்கோடு. மேற்கே போகிறவர்களுக்கு அதில் ஒரு முழு நாள் காணாமற் போகும். அக்கா வெள்ளிக்கிழமை விரதகாரி. காணாமற் போனது வெள்ளியாக இருந்தால், விரதம் பிடித்ததாகக் கணக்கா, முறிந்ததாகக் கணக்கா? இது புதிய வழக்கும் அல்ல. மகலன் கூட்டத்தின் 'விக்டோரியா' கப்பல் மேற்கு வழியாக உலகத்தைச் சுற்றிக்கொண்டு 1522இல் கேப் வேர்டே தீவில் ஒதுங்கியபோது, ஒரு நாளும் விடாமல் குறிப்பு எழுதிவந்த பிகாபெற்றாவின் கணக்கில் அன்று புதன். கரையில் இருந்தவர்கள் வியாழன் என்றார்கள். வெள்ளியில் இறைச்சி தொடாத கத்தோலிக்கர்கள், எது வெள்ளி என்றே தெரியாமல் வந்திருக்கிறார்கள். பசிபிக்கில் அவர்கள் தின்றது எலியும் தோலும்தான். எலியை எந்தக் கிழமை தின்றால் என்ன!

கிழக்கே போனால் திகதிக்கோட்டில் ஒரே நாள் இரண்டு தரம் வரும். அத்தானுக்கு ஏழரைச் சனி நடக்கிறது. வருகிற நாள் சனிக்கிழமையாகிவிட்டால், ஒரே கிழமையில் இரண்டு சனி. எள்ளெண்ணெய் இரண்டு தரம் எரிக்க வேண்டும். கப்பல் அறைக்குள் நெருப்புக் கொளுத்த விடமாட்டார்கள் என்று நினைக்கிறேன்.

இவ்வளவையும் யோசித்து வைத்துக்கொண்டு இருக்க, இரண்டாவது கோல். காசு கட்டியாயிற்றாம். எந்தக் கப்பலுக்கு என்று கேட்க வாயெடுப்பதற்குள், "பல்கனி இடப்பக்கம் எடுக்கிறதோ வலப்பக்கமோ?" என்றார். பின்னாலிருந்து அக்கா, பனங்கட்டி இப்போது என்ன விலை என்று கேட்டா.

அதோடும் விடவில்லை. கப்பல் கொழும்பில் ஒரு பகல் நிற்குமாம். "அதுக்குள்ள நயினாதீவு அம்மனைக் கும்பிட்டிட்டு, நெடுந்தீவில குதிரையையும் பாத்திட்டு வந்திடலாம் என்ன?" உலகப் படத்தில் விரலை வைத்துப் பார்த்திருக்கிறார். கொழும்பிலிருந்து யாழ்ப்பாணமே 400 கிலோமீற்றர், தரைவழியில் ஏழெட்டு மணித்தியாலம். பிறகு பண்ணைப் பாலம், வேலணை, புங்குடுதீவுத் தாம்போதி, குறிகட்டுவான். அங்கிருந்து நயினாதீவுக்குக் கால் மணித்தியாலம், நெடுந்தீவுக்கு ஒரு மணித்தியாலம். அதுவும் கடல் விட்டால். கடல் விட வேண்டும் என்பதைத்தான் ரொறன்ரோவில் மறந்துபோகிறார்கள்.

எங்களுக்குக் காலம் என்றால் காற்று. வைகாசியில் எழும்பும் சோழகம் ஆவணி வரைக்கும் நின்று அடிக்கும். ஐப்பசி, கார்த்திகையில் வாடை. மாசி, பங்குனியில் கடல் குளம் மாதிரிக் கிடக்கும். அந்தோனியார் விபரமானவர், கச்சதீவுத் திருவிழாவை அந்த நாட்களில் வைத்துக்கொண்டார். நயினை அம்மனுக்கு யாரிடம் பயம்? சோழகம் முறுகி நிற்கிற ஆனியில் கொடியேற்றுவா. எங்கள் வெளிநாட்டுச் சொந்தங்களோ யூலையிலும் ஓகஸ்ரிலும் வருவார்கள். கனடாவில் பள்ளிக்கூடம் விடுகிற திகதிக்கும் சோழகத்துக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. படகில் நனைந்து, சத்தி எடுத்து, "முந்தி இப்பிடி இல்லையே" என்பார்கள். முந்தியும் இப்பிடித்தான்.

அத்தானை மட்டும் குறை சொல்லக்கூடாது, அரசாங்கங்களும் அப்படித்தான். நாகபட்டினத்துக்கும் காங்கேசன்துறைக்கும் இடையில் பல பத்தாண்டுகளுக்குப் பிறகு கப்பல் விட்டார்களே, நாளைப் பாருங்கள்: 2023 ஒக்டோபர் 14. ஐப்பசி பிறக்க நாலே நாள். இந்தியப் பிரதமர் காணொளியில் தொடக்கி வைத்தார், 'செரியபாணி' வந்தது, மேளதாளம், மாலை. ஒரு கிழமைக்குள் மழைக்காலம் என்று சொல்லி நிறுத்திவிட்டார்கள். ஐப்பசியில் மழை வருமென்று இறங்குதுறையில் கச்சான் விற்கிற மனுசியிடம் கேட்டிருந்தாலே சொல்லியிருப்பா. மறுபடி கப்பல் ஓடியது 2024 ஓகஸ்ரில், 'சிவகங்கை' என்ற வேறு கப்பல்.

காற்றைப் பார்த்துக் கப்பல் விட்டவர்களும் இந்தக் கரையில் இருந்தார்கள். வல்வெட்டித்துறையில் கட்டிய 'அன்னபூரணி'யை வில்லியம் அல்பேர்ட் றொபின்சன் என்ற அமெரிக்கர் வாங்கினார். அவர் அதற்கு முன்பே சின்னப் பாய்ப்படகு ஒன்றில் மேற்கு வழியாக உலகத்தைச் சுற்றி முடித்தவர். கப்பலுக்குத் தன் மனைவியின் பெயரை வைத்து அமெரிக்காவுக்குக் கொண்டுபோகச் சொன்னார். தண்டையல் தாமோதரம்பிள்ளையும் ஊர் மாலுமிகளும் பாய் விரித்து, சுயெஸ் கடந்து, அத்லாந்திக் தாண்டி, 1938இல் குளொஸ்டர் துறைமுகத்தில் போய் இறங்கினார்கள். முழுக்க முழுக்க மேற்கு. கிழக்கால போயிருக்கலாமே என்று சொல்ல ஊரில் ஒருவர் நிச்சயம் இருந்திருப்பார். இன்றைக்கென்றால் அந்த வழியும் கப்பற் கொம்பனி சொல்கிறபடிதான். செங்கடலில் கப்பல்களுக்கு அடி விழத் தொடங்கிய 2023 கடைசியிலிருந்து உல்லாசக் கப்பல்கள் பலவும் ஆபிரிக்காவைச் சுற்றிக்கொண்டு போயின.

நெடுந்தீவில் ஒருவரும் திசையும் பார்ப்பதில்லை, பருவமும் பார்ப்பதில்லை. காற்று முறுகினால் படகு இல்லை. படகு இல்லையென்றால் மரக்கறி இல்லை, வாத்தியார் இல்லை, பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டிய ஆள் இறங்குதுறையில் கிடக்க வேண்டும். பிள்ளைப்பேற்றுக்கு நாள் நெருங்கினவள் முன்கூட்டியே யாழ்ப்பாணத்துக்கு வந்து சொந்தக்காரர் வீட்டில் காத்திருப்பாள். அவளுக்கு விடியப்புறம் கோல் எடுத்து ஒருவரும் யோசனை கேட்பதில்லை. கேட்டால், எங்கள் எல்லாரையும்விடத் திறமாகச் சொல்லுவாள்.

ஆகவே ஆடியில் நெடுந்தீவுக்கு வெளிக்கிட்டிருப்பவர்களுக்கு: எஞ்சினுக்குக் கிட்ட இருங்கோ, நனைவது குறைவு, டீசல் மணக்கும். சோத்துப் பாசலைக் கரைக்குப் போய் அவிழுங்கோ. திரும்பிவாற படகு எத்தனை மணிக்கு என்று ஏறும்போதே கேட்டு வையுங்கோ. கேட்ட பிறகும் அரை மணித்தியாலம் முந்தியே வந்து நில்லுங்கோ. ஊர்ச்சனத்தைத் தள்ளிக்கொண்டு முதல் ஏறவேண்டாம். அவர்களுக்கு நாளைக்கும் இதே படகில் வேலைக்குப் போகவேணும், உங்களுக்குக் குதிரை படம் எடுத்து முடிஞ்சுதுதானே.