சுருட்டை முடியும் சமூக மதிப்பும்: வள்ளூர்ப் பூடில் கலப்பு நாய் குறித்து ஓர் ஆய்வு

எந்த ஆய்வும் தொல்காப்பியத்திலிருந்து புறப்பட வேண்டும் என்பது நம் பல்கலைக்கழக மரபு. அதற்கு ஊறு நேராவண்ணம் முதலிலேயே சொல்லிவிடுகிறோம்: அந்நூலின் மரபியல் நாய், பன்றி, புலி, முயல் ஆகிய நான்கின் குட்டிகளையும் குருளை என்ற ஒரே பெயரில் அடக்கிவிடுகிறது. பூடில் பற்றி அதில் பேச்சே இல்லை. அந்தக் குறையைப் போக்கவே இக்கட்டுரை எழுந்தது.

ஆய்வுக்களம், மீஞ்சூர் ஒன்றியத்து வள்ளூர். 500 மெகாவாட் அலகுகள் மூன்றைக் கொண்ட அனல்மின் நிலையத்தால் பெயர் பெற்ற ஊர். ஆய்வுப்பொருள், சென்னையின் மீட்பு இல்லம் ஒன்றிலிருந்து தத்தெடுக்கப்பட்டு ஆட்டோவில் வந்து இறங்கிய, முழங்கால் உயரம்கூட இல்லாத வெள்ளை நாய். ஊசி அட்டையில் இனம் என்ற இடத்தில் ‘பூடில் கிராஸ்’ என்றிருந்தது. எதனோடு கிராஸ் என்பது அதன் தாய்க்கே வெளிச்சம். இல்லத்தில் கோக்கோ என்று பெயர் வைத்திருந்தார்கள். தெருவில் அன்று மாலையே மணி ஆகிவிட்டது.

முன்னாய்வுகளைப் பார்ப்போம். பூடில் வேட்டைக்காரர் சுட்ட வாத்தைத் தண்ணீரில் பாய்ந்து கவ்வி வரப் பழக்கிய நாய். ஜெர்மனியில் தோன்றி பிரான்சில் பேர் வாங்கியது. 1989இல் ஆஸ்திரேலியாவில், வழிகாட்டி நாய்களைப் பழக்கும் நிறுவனத்தில் இருந்த வாலி கான்ரன் லாப்ரடாரையும் பூடிலையும் சேர்த்தார். ஹவாயில் பார்வையற்ற ஒரு பெண்ணுக்கு நாய் வேண்டும், அவர் கணவருக்கோ நாய் முடி ஒவ்வாது என்பதே காரணம். பிறந்த குட்டிகளில் ஒன்று ஹவாய் போனது. மற்றவற்றை எடுத்து வளர்க்க, காத்திருந்தவர்களில் ஒருவரும் முன்வரவில்லை; கலப்பு நாய் என்றார்கள். ‘லாப்ரடூடில்’ என்று பெயர் சூட்டி அறிவித்ததும் தொலைபேசி ஓயவில்லை. பின்னாளில் கான்ரன் இதற்கெல்லாம் வருந்தினார் என்பது தனிக்கதை. நாய் அதேதான், மவுசுதான் மாறியது. இதுவே நம் கருதுகோளுக்கு வித்து.

வள்ளூர் டீக்கடை முன் எடுத்த வாய்மொழிச் சான்றுகள் வருமாறு. டீ மாஸ்டர்: “பாமரேனியன்தானே?” பள்ளிச் சிறுமி: “ஆட்டுக்குட்டி.” சாம்பல் லாரி ஓட்டுநர் வகைப்பாட்டில் இறங்காமல் நேரே பொருளாதாரத்துக்கு வந்தார்: “இன்னா ரேட்டுபா?” சும்மா கொடுத்தார்கள் என்றோம். அவர் முகம் மாறியது. குனிந்து நாயை முன்னும் பின்னும் பார்த்துவிட்டு, “சும்மாவா? அப்ப இன்னாவோ கோளாறு இருக்கு” என்றார்.

கோளாறு முடியில்தான் இருந்தது. பூடில் முடி மற்ற நாய் முடிபோல் எளிதில் கொட்டாது, வளர்ந்துகொண்டே போகும். கொட்டாத முடியில் சேர்ந்ததும் கொட்டாது. காலையில் வெள்ளையாக மொட்டை மாடிக்குப் போகும் மணி, சாயங்காலம் சிமெண்ட் நிறத்தில் இறங்கி வரும். காற்றின் தரத்தை அளக்க அரசு கருவி வைத்திருக்கிறது. எமக்கு ஈரத்துண்டு போதும். காதுக்குப் பின்னால், அக்குளில், தொடை இடுக்கில் சிக்கு விழுந்து கட்டி தட்டியது. எதிர்வீட்டு அக்கா தேங்காய் எண்ணெய் தடவச் சொன்னார். எண்ணெயும் சாம்பலும் சேர்ந்து ஒவ்வொரு சுருளும் விளக்குத் திரி ஆனது. தண்ணீர் நாயாயிற்றே, எண்ணூர்க் கழிமுகத்தில் இறக்கிப் பார்க்கலாமே என்றார் ஒரு நண்பர். 2023 டிசம்பர் வெள்ளத்தோடு எண்ணெய் வந்து படிந்த தண்ணீர் அது. மீனவர்களின் வலையும் படகும் பட்டது போதும் என்று அந்தப் பரிசோதனையைக் கைவிட்டோம்.

கத்திரி வெயிலுக்கு முன் கால்நடை மருந்தகத்தில் மெஷின் போட்டு மொட்டை அடிக்கப்பட்டது. ஆய்வின் உச்சம் இதுவே. உள்ளேயிருந்து பாதி உடம்புதான் வெளிவந்தது: ஒட்டிய வயிறு, நீண்ட மூஞ்சி, எலிவால். கொஞ்சிக்கொண்டிருந்த டீ மாஸ்டர் “ச்சீ, போ” என்று தண்ணீர் தெளித்தார். “உங்க புசுபுசு நாய் எங்க, செத்துப்போச்சா?” என்று இருவர் துக்கம் விசாரித்தார்கள். தெருநாய்கள் மட்டும் எப்போதும்போல் வாலுக்கடியில் மோந்து பார்த்துவிட்டு ஒதுங்கின. ஆய்வுமுறையில் அவை நம்மைவிட ஒரு படி மேல் என்பது எம் துணிபு.

அந்தத் தெருநாய்கள் சிலவற்றின் காது நுனியில் ஒரு வெட்டு இருக்கும். கருத்தடை ஆனதற்கு அடையாளம். நாயைக் கொல்லாமல் கருத்தடை செய்து பெருக்கத்தைக் குறைக்கும் இந்த வேலையை, கேப்டன் வி. சுந்தரம் 1959இல் சென்னையில் நிறுவிய புளூ கிராஸ், 1964லேயே தொடங்கிவிட்டது. மத்திய அரசு விதி போட 2001 ஆனது. ஆனால் காதில் வெட்டு வாங்கிய நாயிடம் எவரும் ரேட்டு கேட்டதற்கு எம்மிடம் சான்று இல்லை.

முடி இப்போது ஓர் அங்குலம் வளர்ந்திருக்கிறது, விசாரிப்புகளும் திரும்பிவிட்டன. எதிர்வீட்டு அக்கா, “குட்டி போட்டா எனக்கு ஒண்ணு எடுத்து வை” என்றார். இது ஆண் என்றோம், கருத்தடையும் ஆயிற்று என்றோம். இல்லத்தில் நாட்டு நாய்க் குட்டிகள் நிறைய இருக்கின்றன, கூட்டிப் போகிறோம் என்றும் சொன்னோம்.

“நாட்டு நாய்க்கு எதுக்குபா அவ்ளோ தூரம்? அதான் வாசல்லயே நாலு கெடக்குதே.”

அந்த நாலில் ஒன்றை எடுத்துக்கொள்ளலாமே என்றதற்கு அக்கா கதவைச் சாத்திக்கொண்டார். மேலாய்வு தேவை.