கல்லில் வெட்டிய பாஸ்வேர்டு

தேசூருக்குப் பக்கத்தில் சீயமங்கலம். ஏழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அங்கே உளிக்காரர்களோடு வந்து இறங்கினார் பல்லவ மன்னர் முதலாம் மகேந்திரவர்மன். சும்மா கிடக்கும் பாறையைக் கண்டால் அந்த மனிதருக்குக் கை அரிக்கும். குடைந்து முடித்ததும் கோயிலுக்கு 'அவனிபாஜன பல்லவேஸ்வரம்' என்று பெயர் வைத்தார். அவனிபாஜனன் அவர்தான். செய்வித்தவன் லலிதாங்குரன் என்கிறது கல்வெட்டு. அதுவும் அவர்தான்! மண்டகப்பட்டில் விசித்திரசித்தன், தளவானூரில் சத்ருமல்லன், மகேந்திரவாடியில் குணபரன். ஆள் ஒன்று, ஊருக்கு ஒரு பெயர்.

வங்கிக்கும் மெயிலுக்கும் ரயில் டிக்கெட்டுக்கும் பிள்ளை பெயரோடு 123 சேர்த்து ஒரே பாஸ்வேர்டைப் போட்டுவிட்டு நிம்மதியாகத் தூங்குகிறோமே, நமக்கு இல்லாத புத்தி அவருக்கு இருந்தது. ஓரிடத்தில் களவு போனால் அந்த இடத்தோடு போகும்.

ஆனால் வைத்த பெயரை அந்தந்த வாசலிலேயே கல்லில் வெட்டியும் வைத்தார் பாருங்கள், அங்கேதான் கெட்டது. ஆபீஸ் கம்ப்யூட்டரில் மஞ்சள் சீட்டு ஒட்டுகிறவர்களுக்கெல்லாம் ஆதிகுரு இவர்தான். சீட்டையாவது கிழிக்கலாம். சீயமங்கலக் கோயிலைப் புண்ணிய ரத்தினங்களின் பேழை என்று அதே கல்வெட்டு பெருமைப்படுகிறது. பாஸ்வேர்டு மேனேஜர்! பூட்டத்தான் மறந்துவிட்டார்.

பூட்டு விஷயத்தில் செஞ்சிக்காரர்கள் கெட்டி. மூன்று மலை, இணைக்கும் மதில், வரிசையாக வாசல்கள். அத்தனையும் தாண்டி ராஜகிரி உச்சியை நெருங்கினால் ஆழமான பிளவு. குறுக்கே ஒரு மரப்பாலம். பாலத்தை இழுத்துக்கொண்டால் வந்தவன் வந்த வழியே போகவேண்டியதுதான். ஓடிபி வராமல் முழிக்கும் நிலை.

1690-ல் ஔரங்கசீப்பின் தளபதி சுல்பிகர் கான் வந்து முற்றுகையிட்டார். உள்ளே சிவாஜியின் மகன் ராஜாராம். கான் முட்டினார், மோதினார், கூடாரம் போட்டுச் சாப்பிட்டார். வேண்டுமென்றே இழுத்தடிக்கிறார் என்று அப்போதே ஊர் பேசியது. 1698-ல் ஒருவழியாகக் கோட்டை விழுந்தது. ராஜாராம் அதற்குள் நழுவிவிட்டார். எட்டு வருஷம் பாடுபட்டு அக்கவுன்ட்டைத் திறந்தால் பேலன்ஸ் பூஜ்யம்.

இதே கோட்டையை 1677-ல் சிவாஜி வாங்கியது வேறு விதம். அவர் மதிலோடு மல்லுக்கு நிற்கவில்லை. உள்ளே இருந்த பீஜப்பூர் அதிகாரியிடம் பேரம் பேசினார், கதவு திறந்தது. 'சார், பேங்க்லேர்ந்து பேசுறோம்' என்று இன்று போன் செய்கிறவர்கள் புதிதாக எதையும் கண்டுபிடித்துவிடவில்லை. கம்ப்யூட்டர் உலகிலும் கேட்டு வாங்கியவர் உண்டு. 1962-ல் அமெரிக்காவின் எம்ஐடியில் ஆலன் ஷெர் என்ற ஆராய்ச்சி மாணவர், கம்ப்யூட்டரில் கூடுதல் நேரம் வேண்டி, எல்லாருடைய பாஸ்வேர்டும் இருந்த கோப்பை அச்சடித்துத் தரும்படி அந்தக் கம்ப்யூட்டரிடமே கேட்டார். அச்சடித்தும் கொடுத்தது.

ஆகவே, ஒன்றோடொன்று ஒட்டாத நாலைந்து சொற்களைக் கோத்து, நீளமாக, கணக்குக்கு ஒன்றாக வையுங்கள். ஓடிபி கேட்கிறவன் மகாராஜாவே ஆனாலும் போனை வையுங்கள். 'தேசிங்குராஜா1714' மட்டும் வேண்டாம். செஞ்சியை ஆண்ட அவர் போரில் விழுந்த வருஷம் அங்கே எல்லாருக்கும் தெரியும்.