கியர் வண்டி நிறுத்தியல்: ஓர் ஆய்வு முன்னோட்டம்

முதற்சங்கத்தில் பாடியவர்கள் 4449 பேர் என்று இறையனார் அகப்பொருள் உரை கணக்குச் சொல்கிறது. 4450 அல்ல, 4449. இவ்வளவு துல்லியம் பார்த்த மரபில், மேட்டில் வண்டியை நிறுத்தினால் ஹேண்ட் பிரேக்கை எத்தனை ‘டிக்’ இழுக்க வேண்டும் என்று சொல்ல ஓர் உரையாசிரியரும் முன்வரவில்லை. இக்குறையைப் போக்கவே இக்கட்டுரை எழுந்தது. (இந்த வாக்கியம் இல்லாமல் தமிழில் ஆய்வேடு தொடங்கினால் கையெழுத்துப் போட மாட்டார்கள்.)

ஆய்வெல்லை: கிளட்ச் உள்ள வண்டிகள் மட்டும். ஆட்டோமேட்டிக் வண்டியில் நிறுத்துவதற்கென்றே ‘பி’ என்று ஓர் எழுத்து இருப்பதால் அது எழுத்ததிகாரத்தில் அடங்கும், இங்கே விலக்கப்பட்டது.

ஹேண்ட் பிரேக்கை மட்டும் போட்டுவிட்டு இறங்கிப் போகிறவர்கள் ஒரு குடி. கேபிள் தளரும் என்று சொன்னால் மனம் புண்படுவார்கள் என்பதால் மேலே செல்கிறோம்.

கியர்க் குடி அறிவுடையது. மேடு பார்த்து நின்றால் ஃபர்ஸ்ட், பள்ளம் பார்த்து நின்றால் ரிவர்ஸ். வண்டி உருள வேண்டுமானால் சக்கரம் இஞ்சினையே சுற்றியாக வேண்டும், அதுவும் தலைகீழாக. சிலிண்டருக்குள் அடைபட்ட காற்று விடாது. ரிங் தேய்ந்த கிழட்டு வண்டியென்றால் அந்தக் காற்றும் மெல்லக் கசிந்து, ராத்திரியில் கொஞ்சம் கொஞ்சமாக நகர்ந்திருக்கும் (சித்தப்பா, வாய்மொழி). இக்குடியினரை வண்டியில் ஏறும்போது அடையாளம் காணலாம். சாவியைத் தொடுமுன் கியர்க் கம்பியை இடம்வலமாக இரண்டு ஆட்டு ஆட்டுவார்கள். தாராளமாக ஆடினால் நியூட்ரல், விறைத்துக்கொண்டால் கியர். ஆட்டாத குடியில் பெண் எடுத்தால் என்ன ஆகும் என்பதற்கு எங்கள் வீட்டுக் காம்பவுண்டுச் சுவரில், பம்பர் உயரத்தில், கருநீல வண்ணத்தில் தொல்லியல் சான்று உள்ளது. சாவியைத் திருப்பியதும் வண்டி ஒரே துள்ளல். ஆட்டாமல் திருப்பியவர் யார் என்பதில் வீட்டில் இருவேறு கருத்துகள் நிலவுகின்றன.

மூன்றாவது, கல்யாண மண்டபத்து வாட்ச்மேன் வளர்த்த மரபு. “ஹேண்ட் பிரேக் போடாதீங்க சார். நியூட்ரல்ல விட்டுட்டுப் போங்க, நாங்க தள்ளிக்கிறோம்.” பந்தி முடிந்து வந்து பார்த்தால் விட்ட இடத்தில் வண்டி இருக்காது. இதன் முன்னோடி உரையாசிரியர் நச்சினார்க்கினியர். பாட்டில் எங்கோ நின்றுகொண்டிருக்கும் சொல்லைத் தள்ளிக்கொண்டு போய் வேறோர் இடத்தில் சேர்த்துவிட்டு ‘மாட்டு’ என்பார். வாட்ச்மேன் இருபது ரூபாயோடு விட்டுவிடுகிறார். நச்சினார்க்கினியர் தள்ளியதைத் திரும்பத் தள்ளியே பேராசிரியர் ஆனவர்கள் உண்டு.

இனிக் கல்.

1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 126ஆம் பிரிவைப் பாருங்கள். பொது இடத்தில் வண்டி நின்றால் லைசென்ஸ் உள்ளவர் ஓட்டுநர் இருக்கையில் இருக்க வேண்டும். இல்லையேல் இஞ்சினை அணைத்துப் பிரேக் போட்டிருக்க வேண்டும், அல்லது வண்டி தானாக நகராதபடி ‘வேறு ஏற்பாடு’ செய்திருக்க வேண்டும். இந்த ‘வேறு ஏற்பாடு’ கல்தான் என்பது என் துணிபு. கியர் என்பாரும் உளர். அவர்கள் மலை ஏறாதவர்கள்.

நடுகல்லுக்குத் தொல்காப்பியம் ஆறு துறை வகுத்தது. அவை சக்கரக் கல்லுக்கே உரியவை, வீரர்களுக்கு நாட்டியது பிற்கால வழக்கு என்பதை ஆழியாரிலிருந்து வால்பாறை ஏறும் சாலையில், நாற்பது கொண்டை ஊசி வளைவுகளில் ஒன்பதாவதில், நேரில் கண்டேன்.

ஆழியார் அணையைப் பார்க்க எல்லாரும் அங்கே நிறுத்துவார்கள். சித்தப்பா மேடு பார்த்து நிறுத்தி, ஹேண்ட் பிரேக்கை ‘கிர்ர்’ என்று கடைசிவரை இழுத்து, ஃபர்ஸ்ட் கியரும் போட்டார். பிறகு என்னைப் பார்த்து, “இறங்கி ஒரு கல்லு பாரு” என்றார். இது முதல் துறை, காட்சி. கிடைத்தது உடைந்த மைல்கல் துண்டு. ‘வா’ என்ற ஓர் எழுத்து மட்டும் எஞ்சியிருந்தது. ‘வால்பாறை’ என்று படிப்பர் ஒரு சாரார், ‘வாகனம்’ என்பர் இன்னொரு சாரார். இருவருக்கும் இப்போது பேச்சுவார்த்தை இல்லை. காலால் உதைத்து உருளாது என்று உறுதி செய்துகொண்டேன்: கால்கோள். அறிஞர்கள் இச்சொல்லுக்கு வேறு பொருள் சொல்வார்கள். கால் கண்ணெதிரே இருக்கும்போது அது தேவையில்லை. எட்டாவது வளைவிலேயே வாந்தி எடுத்திருந்த தம்பி மகன் வாய் கொப்பளித்த தண்ணீர் கல்மேலும் பட்டது, நீர்ப்படை. பின்சக்கரத்துக்குப் பின்னால் ஒட்டி வைத்துக் குதிகாலால் ஓர் இடி: நடுதல்.

ஐந்தாவது பெரும்படை. இங்கே ‘படை’ என்றால் கூட்டம் என்றே கொள்க. மாங்காய் விற்பவர், பைக்கில் வந்த மூன்று பையன்கள், எதிர்ச்சாரியில் டீ குடித்துக்கொண்டிருந்த லாரி கிளீனர் எல்லாரும் கூடிவிட்டார்கள். இன்னொரு கல் வேண்டும் என்றார் ஒருவர். ஸ்டியரிங்கை ஒடித்து வை என்றார் இன்னொருவர். கிளீனர் மட்டும், “எங்ககிட்ட கட்டை இருக்கு. வைக்கிறதும் நாந்தான், எடுக்கிறதும் நாந்தான்” என்றார். இந்த இரண்டாம் பாதியை அப்போது நான் குறித்துக்கொள்ளவில்லை. மேலே பாறைச் சரிவில் ஒரு வரையாடு எந்த ஏற்பாடும் இல்லாமல் நின்றுகொண்டிருந்தது.

கியரும் பிரேக்கும் இருக்கக் கல் எதற்கு என்று கேட்டேன். “கியர் உள்ள இருக்கு, பிரேக் அடியில இருக்கு. கல்லு ஒண்ணுதான் கண்ணுக்குத் தெரியுது” என்றார் (சித்தப்பா, வாய்மொழி, ஒன்பதாம் வளைவு, வலது கையில் மாங்காய், மிளகாய்ப்பொடி கூடுதல், இக்கருத்தைச் சித்தி மறுத்தது, அதே இடம், பின்சீட்டு, ஜன்னல் பாதி இறக்கிய நிலை, மறுப்பைச் சித்தப்பா காதில் வாங்காதது, மேற்படி).

ஆறாவது துறை வாழ்த்து. கல்லைச் சாலையிலேயே விட்டுவிட்டு வண்டி போய்விடும். இருட்டிய பிறகு வருகிறவர் வண்டியின் அடியில் ‘டங்’ என்று ஓர் ஓசை. அப்போது அவர் வாயில் வருவதே வாழ்த்து. பாடபேதங்கள் ஏராளம், எதுவும் அச்சேறத்தக்கதல்ல.

பதினோராம் வளைவு தாண்டும்போது சித்தப்பா கேட்டார். “கல்லை எடுத்துப் போட்டியா?”

“நீங்க எடுக்கலையா?”

வண்டியில் கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை.

மூன்றாம் நாள் இறங்கும்போது ஒன்பதாவதில் எட்டிப் பார்த்தேன். அதே ‘வா’, ஒரு வெள்ளை இன்னோவாவின் பின்சக்கரத்தடியில். சித்தப்பா வேகத்தைக் குறைத்து, ஜன்னலை இறக்கி, அந்த டிரைவரைக் கூப்பிட்டார்.

“தம்பி, போகும்போது கல்லை எடுத்து ஓரமாப் போட்டுட்டுப் போங்க. பின்னாடி வர்றவங்க பாவம்.”