ஜென்செட்டுக்குக் கடப்பிதழ் இல்லை

சுமத்ராவில் காடு எரிந்தால் மலேசியாவில் நமக்கு முறைப்படி, எண்ணிக்கையோடு மூச்சு முட்டும். 2005 ஆகஸ்டில் போர்ட் கிள்ளானில் காற்றுத் தூய்மைக்கேட்டுக் குறியீடு 500-ஐத் தாண்டியதும் அவசரகாலமே அறிவித்தார்கள். கடப்பிதழோடு கடல் தாண்டி வந்த புகைக்கு அந்த மரியாதை.

கோலாலம்பூரின் பிரிக்ஃபீல்ட்ஸ் தீபாவளிக் கடைகளுக்குப் பின்னால் முழங்கால் உயரத்தில் உறுமும் டீசல் மின்னாக்கி, அதாவது ஜென்செட், உள்ளூர்வாசி. அதை யார் சீண்டுவது? டீசல் புகை புற்றுநோய் உண்டாக்கும் என்று உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2012-லேயே முத்திரை குத்திவிட்டது. முறுக்குக் கடைக்காரருக்கு அந்தக் கடிதம் இன்னும் வந்து சேரவில்லை போலும்.

அளந்து பார்க்கலாமே என்பீர்கள். குறியீட்டில் நுண்துகள் கணக்கு 24 மணி நேரச் சராசரி. ஜென்செட் வாழ்வதோ மாலை முதல் கடை கட்டும் வரை. கோலாலம்பூரின் காற்றுத்தரக் கண்காணிப்பு நிலையங்கள் செராஸிலும் பத்து மூடாவிலும் இருக்கின்றன. அங்கே போய்ச் சேர்வதற்குள் புகை நல்ல பிள்ளையாகிவிடும்.

காற்றுத் தூய்மை விதிகளில் இன்னொரு கருவியும் உண்டு: ரிங்கல்மன் அட்டை. 19ஆம் நூற்றாண்டுப் பிரெஞ்சுப் பேராசிரியர் ஒருவர் தந்தது. வெள்ளையிலிருந்து கறுப்புவரை கட்டங்கள்; புகையை நிமிர்ந்து பார்த்து, எந்தக் கட்டத்தோடு பொருந்துகிறது என்று சொல்ல வேண்டும். இரவு 9 மணிக்குப் பிரிக்ஃபீல்ட்ஸின் துன் சம்பந்தன் சாலையில் அட்டையை நீட்டினால் புகையும் கறுப்பு, வானமும் கறுப்பு. அட்டையைப் பார்க்கவே விளக்கு வேண்டும். அதற்கும் அந்த ஜென்செட்தான்.